பழைய ரோட்ஸ்டரில் ஆயில் சீல் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவற்றின் பின்னால் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்று எழுதியிருக்கும், வண்டி ஒன்றுதான். 1989 முதல் 1997 வரை வந்த இந்த வண்டிகளில் மிகப் புதியதற்கே இன்று கால் நூற்றாண்டைத் தாண்டிய வயது. சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ரப்பர் அவ்வளவு காலம் தாங்காது. கீழே உள்ள அளவுகள் 1.6 லிட்டர் பி6 எஞ்சினுக்கு உரியவை.

தரையில் ஆயில் சொட்டுகிறது. எந்த சீல் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சொட்டு விழும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினின் முன்பக்க மேல்மூலையில் கசிந்த ஆயில், கியர்பாக்ஸ் மணியின் (எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள மணி வடிவக் கூடு) அடியில் வந்து சொட்டும்.

முதலில் கழுவுங்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய வண்டியில் ஆயிலும் மண்ணும் சேர்ந்து அரை அங்குலத்துக்குக் களிம்பாகப் படிந்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு டிகிரீஸர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மெல்லிய நீரில் அலசுங்கள். ஆல்டர்னேட்டரையும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவி 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களிலேயே மிக உயரமானது எதுவோ அதுதான் கசிவின் தொடக்கம்.

பின் கிராங்க் சீல் (எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டின் பின்முனை சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பெங்கேலில் (பட்டறையில்) சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

உடனே வேண்டாம். கியர்பாக்ஸ் மணியின் அடியில் ஆயிலைப் பார்த்ததும் பின் சீல் என்று சொல்லிவிடுவது பழக்கமாகிவிட்டது. இந்த எஞ்சினில் அதே இடத்துக்கு ஆயிலை அனுப்பக்கூடிய இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. இரண்டுமே மேலே இருக்கின்றன, இரண்டுக்கும் செலவு மிகக் குறைவு.

ஒன்று, கேம் ஆங்கிள் சென்சார். சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், காயில் பேக்குக்கு அருகே, தீச்சுவரை (எஞ்சினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பை) ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் கழுத்தில் ஒரே ஒரு ஓ-ரிங். அது சூட்டில் இறுகித் தட்டையாகிவிட்டால் ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக நேராகக் கீழே வழியும். போகிற வழியில் கூலன்ட் குழாயையும் நனைத்து ஊற வைக்கும். இரண்டாவது, வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலைகள்.

எஞ்சினின் பின்புறத்தை மேலிருந்து கண்ணாடி பிடித்துப் பாருங்கள். ஹெட்டின் முதுகு ஈரமாக இருந்தால் முதலில் ஓ-ரிங்கையும் கவர் கேஸ்கெட்டையும் மாற்றி, கழுவி, இரண்டு வாரம் ஓட்டுங்கள். ஹெட்டின் முதுகு காய்ந்திருக்க, மணிக்குள்ளிருந்து மட்டும் ஆயில் வந்தால்தான் பின் சீல் மேல் பழி போடலாம். அப்போதும் மோந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸின் முன் சீலிலிருந்து வருகிறது.

அந்த ஓ-ரிங்கை நானே மாற்றலாமா?

மாற்றலாம். சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங் மாறும் என்பதால், கழற்றுமுன் சென்சாரின் உடலிலிருந்து ஹெட் வரை கூர்முனையால் ஒரு கோடு கீறுங்கள். பிடித்திருப்பது 12 எம்எம் தலை போல்ட் ஒன்றுதான். கைக்கு இடம் போதாவிட்டால் காயில் பேக்கை முதலில் எடுத்துவிடுங்கள். சென்சார் வெளியே வந்ததும் பழைய ஓ-ரிங்கைப் பிளாஸ்டிக் முனையால் நெம்பி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, புதியதில் எஞ்சின் ஆயில் தடவி ஏற்றுங்கள். உள்ளே பொருந்தும் நாக்கு நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். சரியான ஒரு நிலையில்தான் இறங்கும். கோட்டோடு கோடு சேர்த்து இறுக்குங்கள்.

பிறகு டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் சூடேறிய பின், டயக்னஸிஸ் பெட்டியில் டிஇஎன் முனையையும் ஜிஎன்டி முனையையும் ஒரு கம்பியால் இணைத்து, 850 ஆர்பிஎம் ஐடிலில் 10 டிகிரி காட்ட வேண்டும். இணைப்புக் கம்பி போடாமல் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

ஓ-ரிங் வாங்கும்போது வைட்டன் ரப்பரில் கேளுங்கள். சாதாரணக் கறுப்பு நைட்ரைல் அந்தச் சூட்டில் மறுபடியும் இறுகிவிடும்.

சீல் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடியும் கசிகிறது. மட்டமான சீலா?

இருக்கலாம். ஆனால் முதலில் பிசிவி வால்வைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயு கிராங்க் கேஸில் சேர்கிறது. அதை இன்டேக்குக்குள் இழுத்துவிடும் வழி பிசிவி வால்வ். அது கசடு பிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீலின் உதடு பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒரு சீலை மாற்றினால் அடுத்தது கசியும்.

வால்வ் கவரிலிருந்து அதைப் பிடுங்கிக் காதருகே ஆட்டுங்கள். 'டக் டக்' என்று உள்ளே கோலி ஆட வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வால்வின் வாயில் விரல் வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மாற்றிவிடுங்கள். அது உட்காரும் ரப்பர் வளையமும் கல்லாகியிருக்கும், அதையும் சேர்த்து. எந்த சீல் வேலையையும் இதைச் செய்யாமல் தொடங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

கசிவை நிறுத்தும் மருந்து பாட்டில் ஊற்றலாமா? 20டபிள்யூ-50 ஆயில்?

மருந்து ரப்பரை ஊத வைக்கும். மெல்லிய கசிவு சில மாதம் அடங்கலாம். உதடு வெடித்திருந்தால் ஒன்றும் செய்யாது. வண்டியை விற்கும் வரை மறைக்க நினைப்பவருக்குத்தான் அது உதவும்.

தடித்த ஆயில் கசிவை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. மேலும் இந்த எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் இருக்கின்றன. ஆயில் தடிமனானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் கூடும். நம் ஊர் வெப்பத்துக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 போதும்.

முன்பக்க சீல்களை மாற்ற என்னென்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

கேம் சீல் 2 (வால்வுகளைத் திறக்கும் தண்டுகளுக்கு), முன் கிராங்க் சீல் 1, வால்வ் கவர் கேஸ்கெட் 1, டைமிங் பெல்ட் 1, டென்ஷனர், ஐட்லர், டென்ஷனர் ஸ்பிரிங், வாட்டர் பம்ப் அதன் கேஸ்கெட்டோடு, ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் பவர் ஸ்டீயரிங் பெல்ட்டும், ஆயில் சுமார் 3.5 லிட்டர், ஃபில்டர், 6 லிட்டர் கூலன்ட், சிறிய டியூப் சிலிகான்.

சீலுக்குப் போய் வாட்டர் பம்ப்பா என்று கேட்பார்கள். பெல்ட்டைக் கழற்றினால்தான் சீல் தெரியும். அதே பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்ப்பும் வெளியே வரும். ஒரே உழைப்பு. ஆயில் பட்ட பெல்ட்டைத் துடைத்து மறுபடியும் போடவே கூடாது. ஆயில் ரப்பருக்குள் ஊறிப் பல்லின் வேரைத் தளர்த்தும். பெல்ட்டின் ஆயுள் 1,00,000 கிலோமீட்டர் என்பது காய்ந்த பெல்ட்டுக்கான கணக்கு.

ஒரிஜினல் சீல் வர நாளாகிறது. ஈப்போ பேரிங் கடையில் அளவு சொல்லி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அளவு மட்டும் போதாது. சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். அவை பொருந்தினாலும் ரப்பர் எது என்று பார்க்க வேண்டும். ஆலை மோட்டார்களுக்கும் பம்ப்புகளுக்கும் விற்கும் சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல். 100 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நின்றால் அது இறுகிவிடும். கிராங்க்குக்கும் கேமுக்கும் அக்ரிலிக் அல்லது வைட்டன் கேளுங்கள். அக்ரிலிக் 150 டிகிரி வரையிலும் வைட்டன் 200 டிகிரி வரையிலும் தாங்கும்.

இன்னொன்று, உதட்டில் சாய்வாக வரிகளும் வெளிமுகத்தில் ஓர் அம்புக்குறியும் இருந்தால் அந்த சீல் ஒரு பக்கச் சுழற்சிக்கு மட்டும் ஆனது. முன்னால் நின்று பார்த்தால் இந்த எஞ்சின் கடிகார முள் திசையில் சுழலும். எதிர்த்திசை சீலைப் போட்டால் அதுவே ஆயிலை வெளியே இறைக்கும்.

ஹாஃப்-கட் கடையில் (வெட்டி வந்த பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் கடை) எஞ்சினோடு வரும் சீலை எடுத்துப் போடுவதை நினைக்கவே வேண்டாம். ஒருமுறை கழற்றிய சீல் அவ்வளவுதான்.

வீட்டு வாசலிலேயே செய்யலாமா?

முன்பக்க வேலையைச் செய்யலாம், ஒரு முழு நாள் பிடிக்கும். தரைதான் கவலை. மழை பெய்த மறுநாள் தோட்டத்து வீட்டு மண்ணில் ஜேக் ஸ்டாண்டின் கால் கண்ணெதிரே இறங்கும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டடிச் சதுரத்தில் 18 எம்எம் பிளைவுட் போடுங்கள். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். மாலை மழைக்கு முன் கவரை மூடும் நிலைக்கு வந்துவிட வேண்டும். திறந்த கேம் மேல் ஒரு சொட்டு மழையும் விழக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

முன்பக்க வேலையின் வரிசை என்ன?

கூலன்ட்டை வடித்து, மேல் ரேடியேட்டர் குழாயையும் காற்றுக் குழாயையும் எடுங்கள். பெல்ட்டுகளைத் தளர்த்துங்கள். வாட்டர் பம்ப் புல்லியின் போல்ட்டுகளைப் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே சற்றுத் தளர்த்தி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் எஞ்சின் கைக்கு லேசாகச் சுற்றும். வால்வ் கவரை எடுங்கள்.

கிராங்க் நடுபோல்ட்டுக்கு 21 எம்எம் சாக்கெட். அதைத் தளர்த்த ஐந்தாம் கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, ஒருவர் உள்ளே கால் பிரேக்கை மிதிக்க, நீண்ட கைப்பிடியால் இழுங்கள். ஸ்டார்ட்டரை முடுக்கி போல்ட்டைத் தளர்த்தும் வித்தை இந்த எஞ்சினுக்கு ஆகாது. ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

புல்லியைப் பிடித்திருக்கும் நான்கு 10 எம்எம் போல்ட்டுகளைக் கழற்றிப் புல்லியையும் டைமிங் கவர்களையும் எடுங்கள். கிராங்க்கைக் கடிகாரத் திசையில் மட்டும் சுற்றி, இரண்டு கேம் சக்கரங்களில் உள்ள 'ஐ', 'இ' குறிகளைப் பின் தட்டில் உள்ள குறிகளோடு சேருங்கள். கிராங்க் பல்சக்கரத்தின் குறி ஆயில் பம்ப் உடலில் உள்ள குறிக்கு நேராக வரும். இந்த நிலையில் இரண்டு கேம் சக்கரங்களையும் கேபிள் டையால் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் பெல்ட் வந்ததும் வால்வ் ஸ்பிரிங்குகள் கேமைச் சட்டென்று திருப்பும்.

டென்ஷனரைத் தளர்த்தி, தள்ளி, தற்காலிகமாக இறுக்கி, பெல்ட்டை எடுங்கள். இப்போது கட்டை அவிழ்த்துக் கேம் சக்கரங்களைக் கழற்றலாம். கேம்ஷாஃப்டின் நடுவே அறுகோணமாக வார்த்த இடம் இருக்கிறது. அதை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு முன்போல்ட்டைத் திருப்புங்கள். சக்கரத்தின் ஆரத்தில் கம்பியைச் செருகிப் பிடித்தால் ஆரம் உடையும்.

குட்டை மூக்கு கிராங்க் என்கிறார்களே, அது என்ன?

1989 முதல் 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க்கின் முன்முனை குட்டை. நடுபோல்ட் சரியாக இறுகாமல் போனால் புல்லியின் அடிக்கட்டை ஆடி, சாவியும் (அடிக்கட்டையைக் கிராங்க்கோடு பூட்டும் சிறு எஃகுத் துண்டு) அது உட்காரும் சாவிப்பள்ளமும் தின்றுபோய், டைமிங் நகர்ந்துவிடும். பின்னால் வந்தவற்றில் முனையை நீளமாக்கினார்கள். அடையாளம் சுலபம்: புல்லி உட்காரும் அடிக்கட்டையில் நான்கு வெட்டுகள் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு.

நடுபோல்ட் இறுக்கம் குட்டை மூக்குக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள மூக்குக்கு 157 முதல் 167. குட்டை மூக்கில் நீள மூக்கின் எண்ணைப் பயன்படுத்தி முனையையே கெடுத்துக்கொள்ள வேண்டாம். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்தப் போல்ட்டைத் தொடாதீர்கள். இரவல் வாங்கியாவது வையுங்கள்.

உங்களுடையது குட்டை மூக்காக இருந்து முன் கிராங்க் சீல் காய்ந்தும் இருந்தால், அதை விட்டுவிடுங்கள். பெல்ட்டையும் கேம் சீல்களையும் நடுபோல்ட்டை அசைக்காமலே மாற்ற முடியும். நல்ல நிலையில் உறுதியாக இருக்கும் போல்ட்டைக் கலைப்பதால் வரும் ஆபத்து, ஒரு பழைய சீல் இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பதை விடப் பெரியது.

பழைய சீலை எப்படி எடுப்பது, புதியதை எப்படி இறக்குவது?

சேதம் நடப்பது எடுக்கும்போதுதான். ஷாஃப்டில் விழும் ஒரு கீறல் எந்தப் புதுச் சீலையும் தோற்கடிக்கும். சீலின் உதட்டைக் கத்தியால் ஓரிடத்தில் அறுத்து, துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை அங்கே நுழைத்து வெளியே நெம்புங்கள். ஷாஃப்டின் மேல் அழுத்தாதீர்கள். சீலில் துளையிட்டு ஸ்க்ரூ ஏற்றி இழுக்கும் முறை உண்டு. ஸ்க்ரூவின் நுனி பின்னால் எங்கே போகும் என்பது தெரியாதவர் அதைச் செய்ய வேண்டாம்.

ஷாஃப்டின் மேல் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் உதடு ஓடிய இடத்தில் மெருகேறிய கோடு இருப்பது இயல்பு. நகம் தடுக்கினால் அது பள்ளம். புதுச் சீலை 1 எம்எம் உள்ளே தள்ளி இறக்கினால் உதடு தேயாத இடத்தில் உட்காரும். ஆனால் பின்னாலுள்ள ஆயில் துளையை மூடிவிடக் கூடாது. பள்ளம் ஆழமென்றால் ஸ்பீடி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய எஃகுக் குழாயை அதன் மேல் ஏற்றுங்கள்.

துளையின் சுவரைத் துடையுங்கள். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலை நோக்கி உள்ளே. உதட்டிலும் வெளிவிளிம்பிலும் எஞ்சின் ஆயில் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும். சுற்றிலும் சிலிகான் பூச வேண்டாம். கிராங்க்கின் சாவிப்பள்ளம் உதட்டை அறுக்காமல் இருக்க அதன் மேல் வழவழப்பான டேப் ஒட்டி, சீல் தாண்டியதும் பிய்த்துவிடுங்கள். சீலின் வெளிவிளிம்புக்குச் சற்றுக் குறைவான பிவிசி பைப் துண்டை வைத்துச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். சீல் உட்காரும் துளையின் முகத்தோடு சமமாக நின்றால் சரி. ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் கழன்று விழும். ஸ்பிரிங் விழுந்த சீலை வெளியே எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று போடுங்கள்.

பெல்ட்டை மறுபடி மாட்டும்போது டைமிங் தப்பினால் வால்வ் வளையுமா?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் 1.6 எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதாது. ஆனால் ஒரு பல் தப்பினாலும் இழுவை போய்விடும்.

'ஐ' குறிக்கும் 'இ' குறிக்கும் இடையே பெல்ட்டில் 19 பற்கள் இருக்க வேண்டும். எண்ணுங்கள். கிராங்க்கைக் கையால் கடிகாரத் திசையில் 1 முழுச் சுற்றும் 5/6 சுற்றும் திருப்பி டென்ஷன் குறிக்குக் கொண்டுவாருங்கள். டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கையே இழுக்க விடுங்கள். கையால் உதவி செய்ய வேண்டாம். பிறகு 37 முதல் 52 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, இன்னும் 2 சுற்றும் 1/6 சுற்றும் திருப்பினால் எல்லாக் குறிகளும் மறுபடி சேர வேண்டும். கேம் சக்கரங்களுக்கு நடுவே 10 கிலோ விசையில் அழுத்தினால் பெல்ட் 9 முதல் 11.5 எம்எம் இறங்கும்.

கேம் சக்கர போல்ட்டுக்கு 49 முதல் 61. வால்வ் கவருக்கு வெறும் 5 முதல் 9. இதை மிகையாக இறுக்கித்தான் பலர் கவரைக் கசிய வைக்கிறார்கள். கேம் மூடிகள் ஹெட்டைச் சந்திக்கும் மூலைகளில் மட்டும் பட்டாணி அளவு சிலிகான்.

உண்மையிலேயே பின் சீல்தான் என்றால்?

அது இரண்டு பேருக்கு ஒரு வார இறுதி வேலை. வாசலில் செய்வதை விட லிஃப்ட் உள்ள பெங்கேலில் கொடுப்பதே மேல். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்ற வேண்டும். அதை எடுத்தால் டிஃபரன்ஷியல் மூக்கு தொங்கும், எனவே முட்டுக்கொடுத்த பிறகே கழற்ற வேண்டும். கியர்பாக்ஸ் இறங்கியதும் கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கியர்பாக்ஸ் முன் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

ஃப்ளைவீல் போல்ட்டுகளின் மரையில் சீலன்ட் பூசப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தத் துளைகள் ஆயில் இருக்கும் இடம் வரை போகின்றன. வெறுமனே இறுக்கினால் மரை வழியாகவே ஆயில் ஏறி வந்து, புதுச் சீல் மேல் பழி விழும். இறுக்கம் 96 முதல் 103 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 ஜிஎல்-4 ஆயில் 2 லிட்டர்.

என்னிடம் இருப்பது புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. இவையெல்லாம் பொருந்துமா?

கசிவைத் தேடும் முறை, பிசிவி, ரப்பர் வகை, சீலை எடுத்து இறக்கும் விதம் எல்லாம் பொருந்தும். இறுக்க அளவுகளும் டைமிங் குறிகளும் பொருந்தாது; 4ஜி93 எஞ்சினின் மேனுவலைப் பாருங்கள். அந்த எஞ்சினில் பெல்ட் தப்பினால் வால்வ் பிஸ்டனில் இடிக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

சாக்கடையிலும் செம்பனை மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டத்தில் பழைய லூப்ரிகன்ட் ஆயில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. ஆயில் துடைத்த துணிகள் எஸ்டபிள்யூ 410. வந்த டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் பெங்கேலில் கொடுத்துவிடுங்கள். கூலன்ட்டை அதோடு கலக்காமல் தனி டப்பாவில் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிச் செத்துவிடும்.